பதினொரு மணிக்கு எந்தக் கடை

சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் போர்மேன் சீனிச்சாமியின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம், குரலை அறியாதவர்கள் இருக்க முடியாது. பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரையும் அவர் எதற்காகவாவது ஒரு நாள் திட்டியிருப்பார். செருப்போடு வந்தவனை, நைலான் சேலை கட்டி வந்தவளை, சட்டைப்பையில் போனோடு வந்தவனை. ஷெட்டு வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே போனவனுக்கு அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான். உடம்பில் இருக்கிற மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணில் இறங்கிய பிறகே வெடிமருந்துப் பக்கம் போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை மறப்பது மற்றவர்கள் வேலை, மறக்க விடாமல் கத்துவது தன் வேலை என்று அவர் வைத்திருந்தார்.

அவருடைய அப்பா பருத்திக்காட்டில் கூலி வேலை பார்த்தவர். சீனிச்சாமி பத்தாவது பெயிலான கையோடு கம்பெனிக்குப் போய், திரி வெட்டி, மருந்து செலுத்தி, பரீட்சையும் எழுதிப் போர்மேன் ஆனவர். அவர் பார்வையில் இருக்கிற ஷெட்டுகளில் இதுவரை ஒரு பொறி பறந்ததில்லை. அந்தப் பெருமையும், நாளைக்குப் பறந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்து மனிதரைச் சிடுமூஞ்சியாக்கியிருந்தன. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பார். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், குறைந்தது இரண்டு வாசலாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்பார். அதனால் அவருக்குப் பத்திரிகை வைக்கவே சொந்தக்காரர்கள் யோசித்தார்கள்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி படாதபாடு படுத்தியது.

அவருடைய ஒரே மகள் பானுப்பிரியா தூத்துக்குடியில் கப்பல் சரக்குக் கணக்குப் பார்க்கிற ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். ஆனி மாதத்திலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு அறுந்து கிடந்தது. "இந்த வேலைய விடுங்கப்பா. ஒரு வீடு பாத்துக் குடிவந்துட்டேன், நீங்களும் அம்மாவும் இங்கன வந்துருங்க" என்று அவள் போனில் சொன்னாள். "ஏட்டி, எனக்குச் சோறு போட்ட சோலிய விடச் சொல்ல நீ யாரு?" என்று இவர் கத்தினார். வீட்டு விலாசம் சொல்ல வந்தவளை, அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகணும் என்று பாதியில் வெட்டிவிட்டார். தீபாவளிக்கும் அவள் ஊருக்கு வரவில்லை. "உங்களுக்கு எத்தனையோ தடவ போன் போட்டாளாம், நீங்க எடுக்கலியாம்" என்று மனைவி பாண்டிலட்சுமி சொன்னபோது, தன் பட்டன் போனை எடுத்து அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "பாரு, ஒரு மிஸ்டுகால் கெடக்கா? உம்மக வாய் கூசாமப் பொய் சொல்றா." பாண்டிலட்சுமி பார்த்தாள். மெய்யாகவே ஒன்றும் இல்லை.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்த நாட்களில் மகளே அம்மா மூலம் ஒரு வழி சொல்லி அனுப்பினாள். அம்மா சனிக்கிழமையே வந்து தன்னோடு தங்கட்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமை வரட்டும். மூன்று பேரும் பதினொரு மணிக்கு வெளியே ஒரு நல்ல கடையில் பிரஞ்ச் சாப்பிடலாம். அங்கே வைத்து, சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிடுவாள்.

"அது என்ன சாப்பாடு?"

"காலை டிபனையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒண்ணாச் சேத்து, நடுவுல ஒரே சாப்பாடாச் சாப்பிடுவாகளாம். அங்க ஆபீஸ்காரக எல்லாம் ஞாயித்துக்கெளமை அப்பிடித்தானாம்" என்றாள் பாண்டிலட்சுமி. பிறகு தயங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "கடைய நீங்களே பாத்துச் சொல்லணுமாம். அவ பாத்தா நீங்க நொட்டை சொல்லுவீகளாம். நாலு பேரு இருக்க ஏசி ஹால்ல உக்காந்தா நீங்க கத்தவும் மாட்டீகளாம்."

சீனிச்சாமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரோஷத்தை விடப் பெரிதாக இருந்தது. அவள் இல்லாத தீபாவளியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை யாரிடம் சொல்ல? "கடைதான, நான் பாத்துச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். கடையைப் பார்த்து முடித்ததும் மகளுக்குப் போன் போட வேண்டும், அவர்கள் அங்கே வருவார்கள். பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல விடியுமுன் எழுந்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினார். கம்பெனி வேன் ஏழு மணிக்கு வருகிற ஊரில் வயிறும் அந்த நேரத்துக்குத்தான் கேட்கும். கோவில்பட்டி, எட்டயபுரம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து, பத்து மணிக்குத் தூத்துக்குடியில் இறங்கினால் ரோடு எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, குடையை விரித்து, முழங்கால் தண்ணீரில் நடந்தார். கடற்கரை ஊராம், பெரிய ஊராம், பெய்த மழையைப் பக்கத்தில் இருக்கிற கடலுக்குள் விடத் தெரியவில்லையே இவர்களுக்கு என்று ஒரு ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போனார். ஆட்டோக்காரர் அதற்குப் பொறுப்பு ஏற்க மறுத்துவிட்டார்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய சைவ ஹோட்டல். மாடியில் ஏசி ஹால். படியேறிப் போனால் கண்ணாடிக் கதவு, கதவோரம் யூனிபாரம் போட்ட வாட்ச்மேன். வாட்ச்மேன் கையை நீட்டினார். சீனிச்சாமி உள்ளே போனார். போன வேகத்தில் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். மேஜைக்கு மேஜை நடக்க இடம் இருந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு கதவு, அதற்குக் கீழே அகலப் படி. பரவாயில்லையே, கட்டினவனுக்குக் கொஞ்சம் அறிவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மணி பத்தரை தாண்டியிருந்தது. ஒருவர் நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு மணிக்கு மூணு பேரு வருவோம். என்ன இருக்கும்?"

"டிபன் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. சாப்பாடு பன்னெண்டு மணிக்குத்தான்."

"நடுவுல?"

"நடுவுல தரை தொடைப்போம்."

"நடுவுல வந்து சாப்பிடுறதுக்குன்னே ஒரு சாப்பாடு இருக்காமே, உங்க ஊருல?"

"பன்னெண்டு மணிக்கு வாங்க அண்ணாச்சி, கூட்டும் பொரியலும் சூடாப் போடுதேன்" என்று அவர் தண்ணீரைச் சீனிச்சாமியின் கால் வரைக்கும் தள்ளிவிட்டார். பதினொரு மணி என்று மகள் சொல்லியிருக்கும்போது பன்னிரண்டு மணிக்கு வந்தால், ஒரு கடை பார்க்கத் துப்பில்லாத அப்பனாகப் போய்விடுவோம் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. எதிர்க் கதவைத் தள்ளிப் பார்த்தார். லேசாக, வெளிப்பக்கமாகத் திறந்தது. அந்த வழியாகவே இறங்கிப் பின் தெருவுக்கு வந்துவிட்டார்.

அடுத்தது கடற்கரை ரோட்டில் ஒரு நட்சத்திர ஹோட்டல். வாசலிலேயே 'சண்டே பிரஞ்ச்' என்று பலகை வைத்திருந்தார்கள். அப்பாடா என்று உள்ளே போனார். கோட்டுப் போட்ட ஒரு பையன் குனிந்து வணக்கம் சொல்லி, "ரிசர்வ் பண்ணியிருக்கீங்களா சார்?" என்று கேட்டான். சாப்பிட வருவதற்கு ரயிலா பிடிக்கிறோம் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டார். ஹாலுக்குள் இட்லி ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், கேக் ஒரு பக்கம், பெயர் தெரியாதவை நான்கு பக்கமும். ஓரத்தில் ஒருவர் ஆள் உயரத் தொப்பி போட்டுக்கொண்டு, கேஸ் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, எண்ணெயை ஊற்றி, நெருப்பு குபீரென்று மேலே எழும்புவதை வாடிக்கையாளர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். அடுப்புக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி ஜன்னல் திரை தொங்கியது. பின்வாசல் என்று எழுதியிருந்த கதவுக்கு முன்னால் உபரி நாற்காலிகளை அடுக்கி, மேலே பலூன் கட்டி அழகு படுத்தியிருந்தார்கள்.

சீனிச்சாமிக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "எவம்லே இந்தத் திரைய இங்கன தொங்கவிட்டது?"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோட்டுப் பையன் ஓடி வந்து, "சார், இது லைவ் கவுண்டர்" என்றான்.

"என்ன கவுண்டரும் இருக்கட்டும். திரை பத்திக்கிட்டா இம்புட்டு ஜனமும் எந்த வழியாப் போகும்? பின்வாசல்ல எதுக்கு நாற்காலி? மொதல்ல அத எடு. தீயணைக்கிற சிலிண்டர் எங்க? அதுல தேதி பாத்தியா?"

"சார், நீங்க பயர் டிபார்ட்மெண்டா?"

"நான் சாப்பிட வந்தவம்ப்பா!"

அவரைப் பக்குவமாகத் தோளில் கை வைத்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். போகிற போக்கில் அவரே இரண்டு நாற்காலிகளைத் தூக்கிப் பின்வாசலை விட்டுத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வந்தார்.

மூன்றாவது, ஒரு காபி கடை. முட்டையும் ரொட்டியும் பதினொரு மணிக்கும் கிடைக்குமாம். ஆனால் மேலே ஏற ஒரே ஒரு சுருள் படிக்கட்டு, அதுவும் ஒருவர் இறங்கினால் ஒருவர் ஏற முடியாது. படியின் கீழேயே நின்று பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார். நான்காவது, மீன் சாப்பாட்டுக்குப் பெயர் போன மெஸ். ஒரு வாசல்தான், ஆனால் அது திறந்தவெளிக் கொட்டகை, ஓட நான்கு திசையும் உண்டு. மனசு குளிர்ந்து போய்க் கேட்டால், மாதா கோயில் பூசை முடிந்து ஜனம் வந்த பிறகுதான் இலை போடுவோம், பன்னிரண்டரை ஆகும் என்றார் அங்கிருந்த அம்மாள். "அதுவரைக்கும் ஒரு டீ குடிக்கீகளா?"

சீனிச்சாமி டீ குடித்தார். ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் டிபன் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, ராத்திரிப் புரோட்டா இருக்கிறது, மகள் கேட்ட அந்த ஒன்று மட்டும் மனுஷன் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற மாதிரி எங்கேயும் இல்லையே என்று நொந்துகொண்டார். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. சரி, இருக்கிறதில் அந்தச் சைவ ஹோட்டல்தான் உருப்படி. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. சொல்லிவிடலாம் என்று சட்டைப்பையில் கை விட்டார்.

போன் இல்லை.

இடுப்பு, மடி, பஸ் டிக்கெட் வைத்த மஞ்சள் பை எல்லாம் தேடினார். இல்லவே இல்லை. மெஸ்ஸில் நின்ற ஒருவர் தன் போனை நீட்டி, "நம்பரைச் சொல்லுங்க, போட்டுத் தாரேன்" என்றார். சீனிச்சாமி வாயைத் திறந்தார். நம்பர் வரவில்லை. மகள் என்றால் அவருக்கு இரண்டாம் பட்டனை அழுத்திப் பிடிப்பது. மனைவி என்றால் மூன்று. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் கம்பெனி கேட்டில் பெயிண்டால் எழுதியிருப்பது. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பூட்டிக் கிடக்கிற கம்பெனியில் எவன் எடுப்பான்?

"வீடு எங்கன இருக்கு? ஆட்டோல போயிருங்களேன்."

வீடு எங்கே இருக்கிறது? அதைத்தான் அவள் சொல்லச் சொல்ல வெட்டிவிட்டாரே. பெண்டாட்டியும் பிள்ளையும் இதே ஊரில்தான் எங்கேயோ இருக்கிறார்கள், இருக்கிறார்களா, இந்தத் தண்ணீரில் எங்கேயாவது கரண்டு கம்பி அறுந்து கிடந்தால், என்று மனசு கண்டபடி ஓட ஆரம்பித்தது. அவருக்குப் பயமாக இருந்தது. யாரையும் திட்டத் தோன்றாத பயம்.

மழைத் தண்ணீரில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அந்த யூனிபாரம் நினைவுக்கு வந்தது. கதவோரம் நின்ற யூனிபாரம், நீண்ட கை. இத்தனை வருஷமும் கம்பெனி கேட்டில் காக்கிச் சட்டை கையை நீட்டினால், இவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், போனை அணைக்கும், கொடுக்கும். இன்றைக்கும் அதுதான் நடந்திருக்கிறது. கொடுத்துவிட்டுப் பின்வாசல் நல்லா இருக்கிறதே என்று அந்த வழியாக இறங்கிப் போய்விட்டார். "கேட்டுல குடுத்துட்டேனே, படுபாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார்.

மாடிப்படி வாசலில் அந்த வாட்ச்மேன் நின்றிருந்தார். பலவேசம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. "வாங்க அண்ணாச்சி. நான் குடைய வாங்கி வைக்கலாம்னு கைய நீட்டுனேன், நீங்க போன அணைச்சுக் குடுத்துட்டு, குடைய விரிச்சபடியே உள்ள போயிட்டீக. திரும்பி வருவீக வருவீகன்னு பாத்தேன். வரல்லைன்னதும் ஆன் பண்ணுனேன். பண்ணுன நிமிஷமே மணி அடிச்சிட்டு. உங்க மகளும் வீட்டம்மாவும் உள்ள இருக்காக."

மேஜைகள் எல்லாம் மறுபடி இறக்கி வைக்கப்பட்டிருந்தன. சாப்பாட்டுக்கு ஆள் நிறைந்துகொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த பானுப்பிரியா எழுந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"எங்க போனீக?"

"கடை பாக்கத்தான்..."

"எங்கப்பா போனீக!"

கத்தினாள். நாலு பேர் இருக்கிற ஏசி ஹாலில், அப்பா கத்தக் கூடாது என்று அவளே வரச் சொன்ன ஹாலில், அவள் கத்தினாள். அச்சங்குளத்துக் குரல் அப்படியே வந்தது.

"ஒவ்வொரு தடவையும் இதேதான். ஆனி மாசம் பக்கத்து ஊருல வெடிச்சுதே, ஆபீசு டிவியில ஊரு பேர மட்டும் போட்டான், கம்பெனி பேரச் சொல்லல. காலையில இருந்து கூப்பிடுறேன், சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப். அம்மாவும் போன வீட்டுல போட்டுட்டு கம்பெனி கேட்டு வாசல்ல போயி நிக்கிறா. சாயங்காலம் போன ஆன் பண்ணி, எனக்கு ஒண்ணும் இல்லே, எதுக்கு ஊரக் கூட்டுதேன்னு என்னயத் திட்டுனீக. அன்னைக்கு முழுக்க நான் செத்துச் செத்துப் பொழைச்சது உங்களுக்குத் தெரியுமா? தீவாளி அன்னைக்குக் கூப்பிட்டாலும் ஆஃப்."

"தீவாளிக்கு நீ கூப்பிடலியே தாயி. மிஸ்டுகாலே இல்லியே..." அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அணைச்சு வச்ச போன்ல மிஸ்டுகால் எப்பிடிப்பா காட்டும்?"

சீனிச்சாமி பாண்டிலட்சுமியைப் பார்த்தார். தீபாவளியன்று தெருவில் முதல் வெடி வெடித்ததுமே அவர் கை தன்னால் போனை அணைத்து பிரிட்ஜ் மேல் வைத்தது இருவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொய் சொல்கிறாள் என்று இத்தனை நாளும் பெற்ற மகளைச் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னைக்காவது போன எடுப்பீகன்னு நெனைச்சேன்" என்றாள் பானு. இப்போது குரல் உடைந்துவிட்டது. "நீங்க சாப்பிட எந்தக் கடைன்னு தேடிட்டு இருந்தீக. நான் இந்த ஊருல எந்தெந்த ஆஸ்பத்திரின்னு தேடிட்டு இருந்தேன்."

பக்கத்து மேஜைகளில் சாப்பிடுகிற சத்தம் நின்றிருந்தது. காலையில் தரை துடைத்தவர் கையில் இலையோடு, போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மெஸ்ஸில் நம்பர் தெரியாமல், விலாசம் தெரியாமல் நின்ற கொஞ்ச நேரத்துப் பயம் இன்னும் சீனிச்சாமியின் நெஞ்சில் அப்படியே இருந்தது. அது போல ஒரு முழுப் பகல். அதுவும் வருஷத்துக்கு எத்தனை பகல்.

"இலையப் போடுங்க" என்றாள் பாண்டிலட்சுமி. "ஒக்காருட்டி பானு. அவுகளும் காலையில இருந்து தண்ணிக்குள்ள அலைஞ்சிருக்காக."

இலை வந்தது. கூட்டும் பொரியலும் சொன்னபடியே சூடாக வந்தன. பானு சாதத்தை அளைந்துகொண்டிருந்தாள். போனைச் சட்டைப்பையில் வைக்கப் போன சீனிச்சாமி, யோசித்து, திரை வெளிச்சத்தோடு அதை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த நேரம் அது அடித்தது. கம்பெனி மேனேஜர். திங்கட்கிழமை பூசை போட்டு ஷெட்டைத் திறக்க வேண்டும், போர்மேன் இல்லாமல் திறக்க முடியாது. பானு பெயரைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சீனிச்சாமி போனை எடுத்தார்.

"நாளைக்கு வரல சார்... இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுச் சோலியா இருக்கேன்... எப்பன்னு இப்பச் சொல்ல முடியாது சார். பேசிட்டுச் சொல்றேன்."

போனை மறுபடியும் இலைக்குப் பக்கத்திலேயே வைத்தார், அணைக்காமல். ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு மகளை நிமிர்ந்து பார்க்காமல், கம்பெனியில் கேட்கிற அதே கடுகடுப்போடு கேட்டார்.

"நீ பாத்த அந்த வீட்டுக்கு எத்தன வாசல்?"

பானு நிமிர்ந்தாள். "ரெண்டு."

"பின்வாசல்ல சாமான் ஏதும் அடைச்சு வச்சிருக்கியா?"

"வாசிங் மிஷின் இருக்கு."

"மொதல்ல அத எடு" என்றார் சீனிச்சாமி. "சாப்பிட்டுட்டு வாறேன், நானே தூக்கி வைக்கிறேன்."